தொட்டிக்கு அடியில் ஒரு கிராமசபை

புதிதாக ஊராட்சிச் செயலர் வேலைக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளே,

கிராமசபையை எப்போது கூட்டுவது, அறிவிப்பை எங்கே ஒட்டுவது, தீர்மானத்தை எப்படி எழுதுவது என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையே நானும் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்களில் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. கிராமசபை அன்று காலையில் நாற்காலி போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு செயலர் வியர்த்துப்போய் நிற்பான். அந்த நேரத்தில் எந்தச் சுற்றறிக்கையும் அவனுக்குத் துணைக்கு வராது. நான் அப்படி நின்றவன்.

ஜனங்கள் கிராமசபைக்கு வருவதில்லை என்று ஒரு புலம்பல் எப்போதும் உண்டு. நம்பாதீர்கள். வருவார்கள். எதற்கு வருவார்கள் என்பதுதான் விஷயம். கொள்ளிடக் கரைப் பக்கம், திருமழபாடிக்குக் கிட்டே நான் வேலை பார்த்தபோது ஒரு பெரியவர் எழுந்து, தன் மருமகளை ஊராட்சி கண்டிக்க வேண்டும் என்று தீர்மானம் கேட்டார். மருமகளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து, மாமனாரைக் கண்டித்து இன்னொரு தீர்மானம் கேட்டார். இரண்டுக்கும் கை தூக்க ஆள் இருந்தது. தெருவிளக்கைப் பற்றிப் பேசத்தான் யாருக்கும் நேரமில்லை.

இப்போது சொல்லப்போகும் ஊர் பெரம்பலூர் பக்கம், சிறுவாச்சூரிலிருந்து உள்ளே தள்ளிப் போக வேண்டும். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற கரிசல் பூமி. பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊருக்கு இன்னமும் நான் போய் வந்துகொண்டிருக்கிறேன், போகிற இடத்தில் காப்பி கிடைக்க வேண்டும்.

ஊராட்சித் தேர்தலில் கட்சி கிடையாது. உங்களுக்குத் தெரிந்ததுதான். கட்சிக் கொடி கூடாது, கட்சிச் சின்னம் கூடாது. ஊர் வேலையில் கட்சி புகுந்து கெடுத்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம். ஆனால் வாக்குச் சீட்டில் ஏதாவது ஒரு படம் இருந்தாக வேண்டுமே. அதற்காகப் பொதுச் சின்னங்கள் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் தலைவர் பதவிக்கு நின்ற இரண்டு பேரில் கீழத்தெரு தங்கராசுவுக்குப் பூட்டு சாவி கிடைத்தது. மேலத்தெரு கலியமூர்த்திக்கு நாற்காலி. தங்கராசு கொஞ்ச ஓட்டில் ஜெயித்தார். கலியமூர்த்தி கொஞ்ச ஓட்டில் தோற்றார். அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை.

முடியவில்லை. கட்சி இல்லை என்றவுடன் ஜனங்கள் சின்னத்தையே கட்சியாக்கிவிட்டார்கள். மேலத்தெருக்காரர்கள் வீட்டுக்குப் பூட்டுப் போடுவதை நிறுத்தினார்கள். கதவுச் சங்கிலியில் கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டு வயலுக்குப் போனார்கள். கீழத்தெருக்காரர்கள் நாற்காலியில் உட்காருவதை விட்டார்கள். சவரக் கடையில் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டார்கள். கீழத்தெருவில் ஒரு கல்யாண வரவேற்பு நடந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் கடைசி விருந்தாளி சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்கள். பெண் வெளியூர். ஏன் நிற்கிறோம் என்று அதற்குச் சொல்லக்கூட இல்லை. இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதுவும் நின்றது.

என் பாடுதான் திண்டாட்டம். ஊராட்சி அலுவலகச் சாவி என் இடுப்பில் தொங்கும். அதனால் நான் பூட்டுக்காரன். அலுவலகத்துக்குள் போய் என் இடத்தில் உட்கார்ந்தால் நாற்காலிக்காரன். மேலத்தெரு ஆட்கள் பூட்டுப் போட்ட கதவு வழியாக வர மாட்டார்கள், ஜன்னலுக்கு வெளியே நின்று குழாய் இணைப்பு கேட்பார்கள். கீழத்தெரு ஆட்கள் உள்ளே வருவார்கள், உட்கார மாட்டார்கள். நின்றுகொண்டே பேசுகிறவன் சீக்கிரம் கோபப்படுவான் என்பதை அங்கேதான் கண்டுகொண்டேன்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று ஊர் நடுவில் நின்றுகொண்டிருந்தது. பழைய மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. அதை ஒட்டி அங்கன்வாடி. தொட்டி முதலில் வந்ததா, அங்கன்வாடி முதலில் வந்ததா என்று தெரியாது. இரண்டும் ஒன்றுக்கொன்று தோள் இடிக்கிற மாதிரி இருக்கும். தொட்டியின் வயிறு அங்கன்வாடி முற்றத்துக்கு மேலே வந்து நிற்கும். தூண்களில் கம்பி வெளியே தெரிந்தது. காரை பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது.

அங்கன்வாடி டீச்சர் பெயர் மல்லிகா. பக்கத்து ஊராட்சிக்காரர், தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போவார். காலையில் அவருடைய முதல் வேலை முற்றத்தில் விழுந்து கிடக்கிற காரைத் துண்டுகளைக் கூட்டி அள்ளுவது. பிள்ளைகளுக்கு அவர் ஒரு பழக்கம் கற்றுக்கொடுத்திருந்தார். வாசல் படலைத் திறந்ததும் உள்ளே ஓடக் கூடாது. நின்று, தலையைத் தூக்கி மேலே பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஓட வேண்டும். மூன்று வயசுப் பிள்ளைகள் வரிசையாக நின்று வானத்தைப் பார்த்துவிட்டு ஓடுவதை முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எதற்கு என்று கேட்டபோது சிரிப்பு போய்விட்டது.

"எனக்கு ராவுல தூக்கம் வரமாட்டேங்குது சார்," என்றார் மல்லிகா. "மழ பெஞ்சா மொத நெனப்பே அந்தத் தொட்டிதான். பெரியவங்க சண்டைய முடிச்சிட்டு வர்ற வரைக்கும் அது நிக்குமா சொல்லுங்க."

அந்தச் சண்டை இதுதான். பழைய தொட்டியை இடிக்க வேண்டும் என்பதில் ஊரில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் இடித்தால் தண்ணீருக்கு வழி? புதுத் தொட்டிக்கு இடம் முடிவு செய்து, கிராமசபைத் தீர்மானத்தோடு அனுப்புங்கள், இரண்டையும் சேர்த்தே செய்துவிடலாம் என்று ஒன்றிய அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். தங்கராசு தன் தெருக்கோடிப் புறம்போக்கில் கட்ட வேண்டும் என்றார். கலியமூர்த்தி தன் தெருக்கோடிப் புறம்போக்கில் கட்ட வேண்டும் என்றார். இரண்டு தெருவுக்கும் நடுவே பொதுக் களம் ஒன்று இருந்தது, இரண்டு தெருவும் சோளம் காயவைக்கிற இடம். தொட்டிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், நீ எந்தச் சின்னம் என்றுதான் முதலில் கேட்பார்கள். அதுவரைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் வைக்கலாம் என்றால், அது மேலத்தெருவில் இருக்கிறது என்று கீழத்தெரு ஒப்பவில்லை.

மல்லிகாவால் கிராமசபையில் இதைக் கேட்க முடியாதா என்பீர்கள். அவருக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை. கிராமசபை என்பது அந்த ஊராட்சி வாக்காளர்களின் சபை. தொட்டிக்கு அடியில் நாள் முழுவதும் இருக்கிற டீச்சருக்கும் கை தூக்க உரிமை இல்லை, பிள்ளைகளுக்கும் இல்லை. உரிமை இருந்தவர்கள் எண்ணெய் டின்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் கிராமசபையை ஊராட்சி அலுவலக வாசலில் கூட்டினேன். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வாடகைச் சாமான் கடை பாய், வண்டி நிறைய நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். ஊர்க் கதை அவருக்குத் தெரியாது. இறக்கி முடிப்பதற்குள் தலைவர் தங்கராசு வந்துவிட்டார்.

"என்ன செயலரே இது?"

"சேருங்க. ஒக்கார்றதுக்கு."

"என் தலைமையில நடக்குற கூட்டத்துல, அவன் சின்னத்த இப்புடி அடுக்கி வச்சிருக்கீங்க. இது கிராமசபையா, அவனுக்குப் பொதுக்கூட்டமா?"

அவருக்கு முட்டி வலி. தரையில் உட்கார முடியாது, நெடுநேரம் நிற்கவும் முடியாது. அதைச் சொல்லிப் பார்த்தேன். "நின்னே சாவுறேன், அதுல ஒக்கார மாட்டேன்," என்றார். கீழத்தெருக்காரர்கள் ஓரமாக நின்றுகொண்டார்கள். மேலத்தெருக்காரர்கள் அன்றைக்கு மட்டும் பூட்டை மறந்துவிட்டு, கால்மேல் கால் போட்டு, வெற்றி விழாவுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். கடைசியில் தலைவர் உத்தரவுப்படி நாற்காலிகளைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னேன்.

கலியமூர்த்தி எழுந்தார். "சேர் போற எடத்துக்கு நாங்களும் போறோம்," என்றார். வண்டி முன்னால் போனது. மேலத்தெரு முழுவதும் அதன் பின்னால் நடந்தது. சவ ஊர்வலமா சாமி ஊர்வலமா என்று தெரியாமல் எதிரே வந்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார். பாய் பாதி வழியில் வண்டியை நிறுத்தி எனக்குப் போன் போட்டார்.

"சார், பின்னாடி ஒரு ஊரே வருது. நான் என்ன தப்பு பண்ணேன்?"

கூட்டத்துக்குத் தேவையான ஆள் எண்ணிக்கை இல்லாமல் போனது. சபை கலைந்தது.

அடுத்த கிராமசபைக்குப் பள்ளிக்கூடத் திடல். நாற்காலியே வேண்டாம், ஜமுக்காளம் போதும் என்று முடிவு செய்தேன். ஜமுக்காளத்தில் எந்தச் சின்னமும் கிடையாது, நன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஆனால் நாற்காலி போடக் கூடாது என்று செயலர் உத்தரவு போட்டுவிட்டார் என்ற செய்தி முந்தின நாளே மேலத்தெருவில் பரவிவிட்டது. தங்கள் சின்னத்துக்குத் தடையா என்று கொதித்தார்கள். ஆளுக்கொரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். மடக்கு நாற்காலி, பிரம்பு நாற்காலி, ஒருவர் சாய்வு நாற்காலி. வயசான ஒரு அம்மாயி முக்காலியோடு வந்தது. "எங்கூட்டுல இதாம்ப்பா இருக்கு, இது செல்லுமா?" என்று என்னைக் கேட்டது.

அதைப் பார்த்த கீழத்தெருக்காரர்கள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பூட்டுகளோடு வந்தார்கள். சட்டைப் பொத்தான் துளையில் பூட்டைக் கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டார்கள். ஒருவர் அரைஞாண் கயிற்றில் மாட்டியிருந்தார். அவர் நடந்தால் சத்தம் கேட்டது.

சபையைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து பற்றாளராக ஒரு அலுவலர் வந்திருந்தார். சின்னப் பையன், புதிதாகப் பணிக்கு வந்தவர். திடலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "சார், இது என்னங்க சார்?" என்று என் காதில் கேட்டார். "கட்சி சார்பற்ற கிராமசபைங்க," என்றேன். அவர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் பள்ளிக்கூடப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். அங்கேயும் இரண்டு தரப்பாரும் போய்ச் சண்டை போட்டார்கள். சின்னங்களோடு சபை நடத்த முடியாது என்று அவர் ஒத்திவைத்துவிட்டுப் போனார். போகும்போது சாய்வு நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

அந்த வாரம் நல்ல மழை. தொட்டியிலிருந்து தட்டு அளவுக்கு ஒரு காரைத் துண்டு விழுந்தது, நல்லவேளை பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு. மல்லிகா அந்தத் துண்டை ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தார். அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தை இப்போதும் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. தலைவர்மேலும் கோபம், கலியமூர்த்திமேலும் கோபம், அந்த நாற்காலிகளை இறக்கிய பாய்மேல்கூடக் கோபம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்றிய அலுவலகத்தில் ஒருவர் இருந்தார். கிராமசபைக்கு ஆள் வரவில்லை என்று யாராவது சொன்னால், "வராதவன் வூட்டுல போயி ஒரு டீ குடிச்சிட்டு வா, அப்பறம் எங்கிட்ட பேசு," என்பார். அதைத்தான் செய்தேன். தங்கராசு வீட்டுக்குப் போனேன். பேத்தியைத் தொட்டிக்குக் கீழேதான் அனுப்புகிறீர்கள் என்று சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. ஆனாலும், "அவன் எடத்துல தொட்டின்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க," என்றார். கலியமூர்த்தி வீட்டுக்குப் போனேன். அவருடைய மகள் வயிற்றுப் பேரனும் அங்கேதான். அவரும் அதே வாக்கியத்தைச் சொன்னார், ஒரு சொல் மாறாமல். இரண்டு வீட்டிலும் டீ நன்றாக இருந்தது. விஷயம் நகரவில்லை.

சிறப்புக் கிராமசபை கூட்ட அனுமதி கிடைத்தது. எங்கே கூட்டுவது? அலுவலகம் கீழத்தெருவுக்கு உரியது ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் மேலத்தெருவில். கோயில் வாசலில் கூட்டக் கூடாது. களத்தில் சோளம் காய்ந்தது. நான் மல்லிகாவிடம் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

"எங்க முத்தத்துல வச்சிக்கங்க சார்," என்றார்.

"தொட்டிக்கு அடியிலயா?"

"பிள்ளைங்க தெனமும் இருக்குற எடந்தான?"

இதில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஒரு செயலர் ஜனங்களை ஆபத்தான இடத்தில் கூட்டலாமா? கூடாது. விதிப்படியும் கூடாது, மனசாட்சிப்படியும் கூடாது. ஆனால் அதே இடத்துக்கு ஊர் தினமும் தன் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குப் பரவாயில்லை என்று ஊரே முடிவு செய்திருக்கிற இடம் பெரியவர்களுக்கு மட்டும் எப்படி ஆபத்தாகும் என்று எனக்குள் ஒரு முரட்டுத்தனம் வந்தது. விடுமுறை நாளாகப் பார்த்து அறிவிப்பை ஒட்டினேன். முந்தின நாள் தொட்டியைக் காலி செய்யச் சொன்னேன். முற்றத்தில் தொட்டிக்கு நேர் கீழே யாரும் போகாதபடி ஒரு கயிறும் கட்டினேன். யாரும் எந்தப் பொருளும் கொண்டுவரக் கூடாது, உடுத்திய துணி மட்டும் போதும் என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்கச் சொன்னேன். ஒரு பெண் வந்து, குடிக்கத் தண்ணீர் பாட்டில் கொண்டுவரலாமா என்று கேட்டுவிட்டுப் போனது.

ஜனங்கள் வந்தார்கள். அப்படி ஒரு கூட்டத்தை அந்த ஊரில் நான் பார்த்ததில்லை. தொட்டி விழுவதைப் பார்க்கலாம் என்று வந்தவர்களும் உண்டு. வந்தவர்கள் எல்லாரும் படல் அருகே நின்று மேலே பார்த்தார்கள். பார்த்தவுடன் சுவரோரமாக ஒதுங்கினார்கள். முற்றம் சின்னது. கயிற்றைத் தாண்டக் கூடாது, சுற்றுச்சுவரை விட்டு வெளியே போனால் வருகைக் கணக்கில் வராது. வேறு வழியில்லாமல் கீழத்தெருவும் மேலத்தெருவும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, தோளும் தோளும் இடிக்க, எது எவர் தெரு என்று தெரியாமல் கலந்து நின்றார்கள். நடுவில் பெரிய வட்டமாக இடம் காலியாகக் கிடந்தது.

பேச்சு ஆரம்பித்தது. தங்கராசு தன் புறம்போக்கைப் பற்றிச் சொன்னார். கலியமூர்த்தி தன் புறம்போக்கைப் பற்றிச் சொன்னார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, இருவருமே தொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். பழைய பேச்சே திரும்பத் திரும்ப வந்தது. இந்தத் தடவையும் போயிற்று என்று நான் நினைத்தேன்.

மல்லிகா பற்றாளரிடம் போய், ஓட்டு இல்லாதவர் ஒரு வார்த்தை பேசலாமா என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"நான் ஒண்ணும் தீர்மானம் கேக்கலீங்க," என்றார் மல்லிகா. "பாத்தத சொல்றேன். நீங்க இவ்வளவு பேரு வந்திருக்கீங்க. நடுவுல எவ்வளவு எடம் கெடக்கு. கவுறு கட்டலைன்னாலும் அங்க ஒருத்தரும் நிக்கமாட்டீங்க. அந்த எடத்துலதாங்க நான் பிள்ளைங்கள ஒக்கார வச்சி பாட்டு சொல்லிக் குடுக்குறேன்."

எல்லாரும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்கள். அப்போது சொல்லிவைத்த மாதிரி மேலிருந்து ஒரு காரைத் துண்டு பெயர்ந்து, கயிற்றுக்கு உள்ளே, யாரும் இல்லாத அந்த நடுவில் விழுந்து சிதறியது. பெரிய துண்டு இல்லை. ஆனால் சத்தம் பெரிசு.

தங்கராசு பின்னால் துள்ளினார். முட்டி மடங்கியது. அவருக்குப் பின்னால், சுவரோரமாக, அங்கன்வாடிப் பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்று கிடந்தது. காலையில் அறையைக் கழுவிவிட்டபோது மல்லிகா வெளியே எடுத்து வைத்ததாம். சரியாக அந்த இடத்தில் எதற்கு வைத்தார் என்று இதுவரை நான் கேட்டதில்லை. ஊராட்சித் தலைவர் முழு பாரத்தோடு அதில் போய் உட்கார்ந்தார்.

கீழத்தெரு மூச்சை அடக்கிக்கொண்டது. எதில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தலைவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் விருட்டென்று எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. மூன்று வயசுப் பிள்ளைக்குச் செய்த நாற்காலி, கைப்பிடி வைத்தது. அவருடைய இடுப்பை அது விடுவதாக இல்லை. முன்னால் குனிந்தார், பக்கவாட்டில் ஆட்டினார், சுவரில் இடித்துப் பார்த்தார். பூட்டுச் சின்னத்தில் ஜெயித்த தலைவர், எதிராளியின் சின்னத்தைப் பின்னால் மாட்டிக்கொண்டு முற்றத்தில் சுற்றி வந்தார். கீழத்தெரு ஆட்கள் யாரும் உதவிக்கு வரவில்லை. நாற்காலியைத் தொட வேண்டுமே என்று யோசித்தார்கள்.

கலியமூர்த்திதான் போனார். தொடலாம், அது அவர் சின்னம். இரண்டு கையாலும் நாற்காலிக் காலைப் பிடித்தார்.

"மூச்ச உள்ள இழு," என்றார்.

"இழுத்துட்டேன்டா, நீ இழு."

இரண்டு வருஷமாகப் பேசாதவர்கள் பேசிய முதல் பேச்சு அது. ஒரே இழுப்பு. நாற்காலி வந்துவிட்டது, கலியமூர்த்தி பின்பக்கமாகச் சாய்ந்து முக்காலி அம்மாயிமேல் போய் விழுந்தார். "நான் அன்னிக்கே சொன்னேன், முக்காலிதான் நல்லதுன்னு," என்றது அம்மாயி.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது. பிறகு முற்றம் முழுவதும் சிரித்தது. சுவரில் சாய்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கீழத்தெரு மேலத்தெருவைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தங்கராசு சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. பற்றாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார்.

தம்பி, தங்கைகளே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். அப்போது நானும் சிரித்துக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு அடங்கினால் மறுபடியும் புறம்போக்குப் பேச்சு ஆரம்பித்துவிடும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. என்னிடம் இருந்த நேரம் அந்தச் சிரிப்பு நீடிக்கிற நேரம்தான். மைக்கை எடுத்தேன்.

"பழைய தொட்டிய இடிச்சிட்டு, புதுத் தொட்டிய பொதுக் களத்துல கட்டணும்னு தீர்மானம். முன்மொழியறது யாருங்க?"

களம் என்று சொன்னது நான். நான் எந்தச் சின்னமும் இல்லை, அல்லது இரண்டு சின்னமும். கலியமூர்த்தி இன்னும் தரையில்தான் இருந்தார். அவருடைய கை உயர்ந்தது, கையில் குட்டி நாற்காலியும் இருந்தது.

"வழிமொழியறது?"

தங்கராசு இடுப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றார். கலியமூர்த்தியைப் பார்த்தார். அப்புறம் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். "எம் பேர எழுதுங்க," என்றார்.

ஒப்புக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். சுவரோரம் முழுவதும் கை. மறுப்பவர்கள் என்று கேட்க வேண்டும், அது முறை. கேட்டேன். யாரும் இல்லை. மல்லிகா கையைத் தூக்கவில்லை, தூக்கவும் கூடாது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் தலைவர் என் அலுவலகத்துக்கு வந்தார். நடவடிக்கைக் குறிப்பில் எதையெல்லாம் எழுதியிருக்கிறேன் என்று படிக்கச் சொன்னார். கூட்டத்துக்குத் தலைவர் தலைமை தாங்கினார் என்று படித்தேன். "நாற்காலின்னு எங்கயும் வரலையே?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். அப்போதும் நின்றுகொண்டேதான் இருந்தார். பகை தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் அவ்வளவு சுலபத்தில் திருந்தாது. புதுத் தொட்டி களத்தில் எழுந்தது. மோட்டார் அறைக்கு ஒன்றியத்தில் பூட்டுக் கொடுத்தார்கள். தண்ணீர் திறந்துவிடுகிறவர் மேலத்தெருக்காரர், இன்றுவரை அந்தக் கதவைக் கம்பி முறுக்கித்தான் கட்டுகிறார். பூட்டு பத்திரமாக உள்ளே இருக்கிறது.

பழைய தொட்டியை இடித்தபோது அங்கன்வாடியைக் கொஞ்ச நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். எல்லாம் அள்ளிப்போன மறுநாள் மல்லிகா அந்த முற்றத்தின் நடுவில் போய் நின்றார். மேலே வெறும் வானம். "சார், நேத்து நல்ல மழ," என்றார். "நான் நல்லா தூங்கிட்டேன். காலையில பஸ்ஸ விட்டுட்டேன்."

நான் ஓய்வு பெற்று இப்போது சில வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊருக்குப் போனேன், மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது அங்கன்வாடிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் வருகிற நேரம். எல்லாம் புதுப் பிள்ளைகள். தொட்டி இருந்தபோது இவர்களில் ஒன்றுகூடப் பிறந்திருக்காது. படலைத் திறந்தார்கள். ஒவ்வொருவராக நின்றார்கள். தலையைத் தூக்கி, ஒன்றுமில்லாத வானத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, உள்ளே ஓடினார்கள்.

"யார் சொல்லிக் குடுத்தது?" என்று மல்லிகாவைக் கேட்டேன்.

"யாரும் சொல்லல சார். முன்னாடி இருந்த பிள்ளைங்கள பாத்து இதுங்க பழகிடிச்சி. நானும் வேணாம்னு சொல்லல."

உள்ளே வாங்க சார், காப்பி குடிச்சிட்டுப் போகலாம் என்றார். நானும் படலருகே நின்று, மேலே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனேன்.